கல்லில் இல்லாத வரி

அன்றைக்கு லாவின் கராஜில் இருந்தவர்களை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். லாவ், அவருடைய மனைவி, லாவைப் போலவே கல்வெட்டு மைப்படி சேர்க்கிற ஒரு பல் வைத்தியர், டாக்ஸி ஓட்டும் ஈரான்காரர் ஒருவர், பிறகு நான். ஐந்து பேர். அதில் தமிழ் தெரிந்தவன் நான் மட்டும்தான். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

இது இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன சனிக்கிழமை மகள் என்னை நகரத்தில் ஒரு சின்னக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் ஒரு பெண் சீன மை அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சீன மையில் கற்பூர வாசனை அடிக்கும். மேய்ஸ் ஹில் கோயிலில் தீபாராதனை நேரம் எல்லாரும் கண்ணை மூடி முருகனைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் லாவின் கராஜ் தெரியும். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மகள் டிக்கட் எடுத்துவிட்டாள்.

அப்போது நான் ஹோம்புஷில் படத்துக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் வேலை. லாவ் அங்கே வாடிக்கை. மீன் மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். கை கழுவிக் கழுவி வெளிறிப் போயிருக்கும். மீன் விற்ற காசெல்லாம் மைப்படிகளாகக் கிடந்தது. மைப்படி என்றால் வேறொன்றுமில்லை, சின்ன வயதில் சதக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதன் பெரியண்ணன். கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, துணிப் பொட்டலத்தில் மை தொட்டு ஒற்றுவார்கள். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். கல் உடைந்தாலும் தாளில் எழுத்து இருக்கும் என்பார் லாவ்.

ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டார், "நீ ஸ்ரீலங்கா தானே? தமிழ் தானே?"

ஓம் என்றேன். அதுவரைக்கும் உண்மை.

அறுநூறு வருசத்துக்கு முந்தி ஒரு சீனக் கப்பல் தளபதி காலித் துறைமுகத்தில் கொண்டுவந்து நாட்டிய கல் இருக்கிறதல்லவா, இப்போது கொழும்பு மியூசியத்தில் நிற்பது, அதன் மைப்படி அவரிடம் இருந்தது. வலப்பக்கம் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனம் அவருக்கு வாசிக்கத் தெரியும். மற்ற இரண்டுக்கும் ஆள் தேடி என்னையும் அந்த ஈரான்காரரையும் ஒரு ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டார்.

கராஜில் கார் கிடையாது. ஒரு பிங்பொங் மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் கல். கல்லின் தாள் என்று சொல்லவேண்டும். ஆனால் பார்த்தால் கல்லேதான். நான் குனிந்தேன். ஒரு 'க' தெரிந்தது. ஒரு 'ம' தெரிந்தது. மேலே புள்ளி ஒன்றையும் காணோம். மற்றதெல்லாம் கோழி கிளறிய முற்றம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்துக்குள் அகதிகளை இருத்திய வருசம் அது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. பார்க்கிங் பலகையைக்கூட மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் காரைப் பூட்டுவேன், அப்படியும் பாதி வழியில் திரும்பி வந்து நான்காம் தரம் வாசிப்பேன். அப்படிப்பட்ட ஆளைச் சுற்றி நான்கு பேர் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் தாய்மொழியை வாசிக்கச் சொல்லிக் காத்திருந்தால் அவன் என்ன செய்வான்?

"தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. விரலை வரி வரியாக ஓடவிட்டேன், தலையை ஆட்டினேன், பிறகு என் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன்: கடல் கடந்து போனவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிவர வேண்டும் என்று கடவுளுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது அந்த வரி என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வருசமாக ஊருக்குப் போக விசா சரிவரவில்லை. அதிலிருந்து வந்திருக்கலாம்.

லாவின் மனைவி அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். லாவ் சொன்னார். அந்த அம்மா கையில் இருந்த தோடம்பழத் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

அடுத்து ஈரான்காரர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். நிமிர்ந்து, "சொறி சேர். தேய்ஞ்சு போச்சு, பழைய எழுத்து. எனக்கு விளங்கேல்லை" என்றார். அவர் இங்கிலீசில் சொன்னது எனக்கு இப்போதும் இப்படித்தான் காதில் கேட்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. லாவ் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்து நிம்மதியாகச் சாப்பிட்டார். அவ்வளவுதான் விசயம். எனக்கும் அவ்வளவு சுகமாக முடிந்திருக்கும்.

பிறகு லாவ் மை அரைத்தார். சேகரிக்கிறவர்கள் மைப்படியின் ஓரத்து வெறுந்தாளில் தங்கள் குறிப்பை எழுதிச் சிவப்பு முத்திரை வைப்பார்களாம். என் பெயரை மூன்று தரம் கேட்டு உச்சரித்துப் பார்த்தார். தூரிகை இறங்கும்போது நான் தடுத்திருக்க வேண்டும். "வடிவான கையெழுத்து" என்றேன். போகும்போது ஒரு சிவப்பு உறை தந்தார், எண்பத்தெட்டு டொலர். எட்டு அவர்களுக்கு ராசி. அன்றிலிருந்து என்னை "டீச்சர்" என்றே கூப்பிட்டார். கடையில் மற்றப் பொடியள் விடுவார்களா? "டீச்சர், அந்தக் கண்ணாடியை வெட்டித் தாங்கோ!"

உண்மையைச் சொல்ல ஒருமுறை போனேன், உறையையும் எடுத்துக்கொண்டு. லாவின் மனைவி ஆஸ்பத்திரியில் என்றார்கள். அங்கே போனால், கட்டிலின் தலைமாட்டில் லாவ் எழுதி ஒட்டிய ஒரு தாள். "உன் வரிதான் டீச்சர்" என்றார் லாவ். "அவ தினமும் வாசிக்கச் சொல்லிக் கேக்கிறா." நான் உறையைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அந்தக் காசில் அடுத்த நாள் பெற்றோல் அடித்தேன்.

கண்காட்சியில் அந்த மைப்படி கண்ணாடிக்குள் தொங்கியது. மகள் ஃபோனைப் பிடித்தாள். சீன எழுத்து இங்கிலீசாக மாறித் திரையில் துள்ளியது.

"அப்பா! இதிலை உங்கட பேர் கிடக்கு! தமிழ் ஸ்கொலர் எண்டு போட்டிருக்கு!"

லாவின் ஓரக்குறிப்பை அவள் முழுதும் வாசித்தாள். தமிழ்ப் பண்டிதர் இன்னார் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். கடல் கடந்தவர்கள் வீடு திரும்பட்டும். இந்த ஒரு வரிக்காகத்தான் இதை வாங்கினேன் போலும்.

பக்கத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. தமிழ்ப் பகுதி தென்கரைக் கோயில் ஒன்றின் தெய்வத்தைப் புகழ்ந்து, கொடுத்த காணிக்கைகளை வரிசையாகச் சொல்கிறதாம். ஓரக்குறிப்பில் உள்ள வரி கல்லில் இல்லை.

மகள் அதையும் வாசித்தாள். ஃபோனை இறக்கினாள்.

"நீங்களா சொன்னீங்கள், அப்பா?"

"எழுத்துத் தேய்ஞ்சு போயிருந்தது, பிள்ளை" என்றேன். ஈரான்காரரின் வசனம். அவர் சொன்னபோது அது உண்மையாக இருந்தது.

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். காரில் மேம்பாலம் தாண்டியதும், "யூ குட்'வ் ஜஸ்ட் செட் நோ, தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம்தானே" என்றாள்.

வரும் வழியில் லாவின் தெருவுக்குள் காரைத் திருப்பினேன். வீட்டைக் காணவில்லை. கராஜையும். ஆறு மாடி நிற்கிறது, எல்லாப் பல்கனியிலும் உடுப்புக் காய்கிறது. லாவின் மனைவி அந்த வருசமே போய்விட்டார். லாவ் அதற்கடுத்த வருசம். பல் வைத்தியர் எங்கே என்று தெரியாது. சட்டம் போடும் கடையில் இப்போது பபிள் ரீ என்று குளிர்த் தேத்தண்ணீர் விற்கிறார்கள். அந்தக் கராஜில் நடந்ததைச் சொல்ல ஈரான்காரர் எங்காவது இருக்கலாம், நான் இருக்கிறேன்.

மகளைக் காரில் இருத்திவிட்டு இறங்கி, பார்க்கிங் பலகையை மூன்று தரம் வாசித்தேன். பிறகு திரும்பி வந்து, கராஜில் நடந்ததை முதலில் இருந்து அவளுக்குச் சொன்னேன். உறையையும் சொன்னேன்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

எண்பத்தெட்டு டொலர்.