மருதப்பன் நேர்ந்துகொண்ட குளவி

பனவடலிசத்திரத்து மருதப்பன் நல்ல வாட்டசாட்டமான ஆள். கிணற்றில் விழுந்த எருமைக்கன்றைத் தோளில் தூக்கி வந்தவர். அப்பேர்ப்பட்டவரை ஒரு குளவி மடக்கிப் போட்டது. எழுபத்தெட்டாம் வருஷம் பம்புசெட் அறைக் கதவைத் திறந்தபோது கழுத்தில் கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சடைத்து, வழியில் வந்த லாரியில் ஏற்றிச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய்த்தான் உயிர் மிஞ்சியது. இன்னொரு கொட்டு வாங்கினால் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனுஷன் அரண்டுபோனார். பாம்பு, தேள் பயம் போகச் சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு அந்த உருவம் அடித்த வெள்ளித் தகடு நேர்ந்து உண்டியலில் போடுவது ஊர் வழக்கம். இவர் குளவிக்கு நேர்ந்தார். கடையில் குளவித் தகட்டுக்கு எங்கே போவது? ஆசாரியிடம் சொல்லித் தனியாக அடித்து வாங்கினார். பயம் தீர்ந்த அன்றைக்குப் போடுவதாக வேண்டுதல். தீர்ந்தால்தானே! தகடு மடியிலேயே கிடந்தது.

எலுமிச்சை பூத்ததும் தோட்டமெங்கும் மஞ்சளும் கறுப்புமாகக் குளவிகள். பூவுக்குப் பூ அந்தரத்தில் அசையாமல் நின்றன. தன் கையால் நட்ட மரங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். கடைசியில் வயிறெரிந்து, தோட்டத்தையே விற்பதென்று புளியங்குடி வியாபாரி மைதீன் பாட்சாவிடம் பேசிவிட்டார்.

வியாபாரி பார்க்க வந்த அன்று வேறு வழியில்லாமல் உள்ளே கால் வைத்தார். பின்னாலேயே மனைவி இசக்கித்தாய். வாய்க்காலைத் தாண்டியதும் ஒன்று வந்து அவர் முழங்கையில் உட்கார்ந்தது. மருதப்பன் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, நான் போறேன். பிள்ளைகளப் பாத்துக்கோ."

இசக்கித்தாய் யோசிக்கவே இல்லை. பாய்ந்து வெறுங்கையால் பொத்திப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் அது படபடத்ததே தவிர, கொட்டவில்லை. மெல்ல விரல் விரித்துப் பார்த்தாள். குளவிக்குள்ள நாலு இல்லாமல் ரெண்டே இறக்கை, ஈக்கு இருப்பதுபோல முட்டைக்கண், வாலில் கொடுக்கே இல்லை.

"ஈதான் இது. குளவி வேசம் போட்டுக்கிட்டு அலையுது. இதுக்குப் பயந்தா தோட்டத்த விக்கப் பாத்திய?"

மருதப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மரத்துக்கு மரம் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் அதே ஈதான். மைதீன் பாட்சா நல்ல மனுஷன். தோட்டம் உம்மிடமே இருக்கட்டும், காயை மட்டும் எனக்குப் போடும் என்று சொல்லி பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். உண்டியல் முன்னால் மருதப்பனுக்குத் தயக்கம். ஈக்குப் பயந்துவிட்டுக் குளவியைப் போடுவது முறையா?

"போடுங்க," என்றாள் இசக்கித்தாய். "நெசக் குளவியும் ஊர்ல இருக்கத்தான செய்யுது."

போட்டார். மறுநாள் மத்தியானம் எலுமிச்சை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். அவர் மூக்குக்கு நேர்மேலே ஒன்று நின்று ரீங்கரித்தது. அவர் விட்ட குறட்டையில் அது யாருக்கும் கேட்கவில்லை.