புள்ளடி போட்ட இடம்

மார்ச் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. சுந்தரேஸ்வரி மூன்றாம் மாடியிலிருந்து படி துடைத்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கிழமை அவளுடைய முறை. படி துப்புரவு யார் பொறுப்பு என்று காட்டும் அட்டை ஒன்று, கயிறு கோத்து, ஏழு நாட்களாக அவள் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த முறைக்காரரின் கதவில் மாட்டவேண்டும். ஜேர்மனியில், கொலோன் நகரத்துப் பழைய மாடிவீடு அது. எட்டுக் குடித்தனம். மற்றவர்கள் ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். சுந்தரேஸ்வரிக்கு ஒரு மணி நேரம் வேண்டும். முதலில் கூட்டுவாள், பிறகு கைப்பிடியைத் துடைப்பாள், பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் படிக்குப் படி, மூலைகளுக்கு விரல்விட்டு. துணி பிழிவதில் அந்த வீட்டில் அவளை வெல்ல ஆளில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

எண்பத்தெட்டில் இந்த வீட்டுக்கு வந்த முதற் சனிக்கிழமை, ஊரில் வீட்டு விறாந்தையைக் கழுவுகிற மாதிரித்தான் அவள் இந்தப் படியையும் கழுவினாள். மேற்படியில் நின்று இரண்டு வாளி தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு வந்தாள். தண்ணீர் மூன்று மாடியும் இறங்கி, நிலவறைக்குள் போய், கீழ்வீட்டு ஜேர்மன்காரி ஃபிரௌ ஹோல்ஷர் நத்தார்ப் பண்டிகைக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வைக்கோல் நட்சத்திரங்களை நனைத்துவிட்டது. ஃபிரௌ ஹோல்ஷர் மேலே ஏறி வந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். சுந்தரேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பதினொரு வயது மகன் மதீசனைக் கூப்பிட்டாள்.

“என்ன தம்பி சொல்லுறா?”

“நல்லாக் கழுவியிருக்கிறியளாம். நன்றியாம்.”

சுந்தரேஸ்வரி சிரித்துக்கொண்டு கும்பிட்டாள். ஃபிரௌ ஹோல்ஷர் போய், வீடுகளை வாடகைக்கு விடும் கம்பனிக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினாள்.

அந்தக் கடிதம் வந்தபோதும் வாசித்தது மதீசன்தான். கணவர் விமலநாதனுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, சுந்தரேஸ்வரிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். இரண்டு பேருக்கும் ஜேர்மன் மொழி வேலைக்குப் போதுமான அளவுதான் இருந்தது, கடிதத்துக்குப் போதவில்லை. வருகிற கடிதத்தையெல்லாம் மகன் வாசித்துப் பாதியைச் சொல்லுவான். பிறகு அடியில், கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக, பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவான். “இதிலை வையுங்கோ அம்மா.” வைப்பாள். வெளிநாட்டவர் பதிவுக் கந்தோர், வைத்தியர், பள்ளிக்கூடம் என்று மூன்று வருடம் புள்ளடி கண்ட இடமெல்லாம் வைத்தாள்.

ஒருநாள் டிராமில் ரஞ்சினி என்ற பெண் பக்கத்தில் வந்து இருந்தாள். “உங்கடை மகனும் எங்கடை மகளின்ரை பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டாராமே, அக்கா. பெரிய பள்ளிக்கூடம் கஷ்டமாமோ?” என்று கேட்டாள். அப்போதுதான் சுந்தரேஸ்வரிக்குத் தெரிந்தது. மதீசன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சிநேகிதர்கள் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாறி இரண்டு மாதமாகிவிட்டது. பெற்றோர் சம்மதம் என்று அவளே கையெழுத்து வைத்திருந்தாள்.

அவள் அவனை அடிக்கவில்லை. அடுத்த கிழமை மாலை வகுப்பொன்றில் போய்ப் பெயரைப் பதிந்தாள்.

“நாப்பத்தொரு வயதிலை அரிவரி படிக்கப் போறீரோ?” என்றார் விமலநாதன்.

“ஓம். பக்கத்து வாங்கிலும் இடமிருக்கு, வாறியளோ?”

அவர் போகவில்லை. அவள் நான்கு வருடம் போனாள். பிறகு சலவைத்தூள் பெட்டியில் இருப்பதைக்கூட வாசிக்காமல் விடமாட்டாள்.

கடைசிப் படியைத் துடைத்துத் துணியைப் பிழிந்தபோது ஃபிரௌ ஹோல்ஷரின் கதவு திறந்தது. அடுத்த முறை அவளுடையது. வயது எழுபத்தொன்பது, குனிய முடியாது. அவளுடைய கிழமையையும் இரண்டு வருடமாகச் சுந்தரேஸ்வரிதான் துடைக்கிறாள். ஆனாலும் அட்டை தன் கதவில்தான் தொங்கவேண்டும் என்று கிழவி பிடிவாதம். முழங்கால் போனால் முறையும் போய்விட்டதென்று அர்த்தமில்லையாம்.

“மகன் வந்திருக்கிறானா?” என்று கிழவி கேட்டாள்.

“ஓம். திங்கள் போறான். தண்ணியை ஊத்திப்போட்டு அட்டையைக் கொண்டுவாறன்,” என்று சுந்தரேஸ்வரி ஜேர்மன் மொழியிலேயே சொன்னாள்.

மேலே வந்து அட்டையைக் கழற்றிக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். மேசையில் விமலநாதனும் மதீசனும் எதிரெதிரே இருந்தார்கள். மதீசனுக்கு இப்போது முப்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி கஜந்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனவன். கொலோனில் பாதித் தமிழ்க்குடும்பங்கள் அந்த வருடங்களில் அப்படித்தான், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று புறப்பட்டுப் போயின. இந்த முறை அவன் மட்டும் காரில் வந்திருந்தான்.

“அம்மா, கையைத் துடைச்சிட்டு வாங்கோ. ஒரு சின்ன அலுவல்.”

மேசையில் ஒரு தாள் இருந்தது. அடியில் இரண்டு பெயர்கள் தட்டச்சில். விமலநாதனுடைய பெயருக்கு மேல் நீல மையில் அவருடைய கையெழுத்து. சுந்தரேஸ்வரியின் பெயருக்கு மேல் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி.

அவள் வாளியைக் கீழே வைக்காமலே தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

“ஜூன் முப்பதோடை இந்த வீட்டை விடுறம் எண்டு எழுதியிருக்கு.”

“வாசிச்சிட்டியளோ…”

“பதினைஞ்சு வருசமாய் வாசிக்கிறன். நீ லண்டனுக்குப் போய் ரெண்டு வருசத்திலை மறந்திட்டாய்.”

மதீசன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். “இல்லையம்மா. புதன்கிழமைக்குள்ளை கடிதம் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஜூனோடை விடலாம். இல்லாட்டி இன்னொரு மாசம் இழுபடும். நான் திங்கள் போயிடுவன். அதுதான் எழுதி வைச்சனான்.”

“ஆரைக் கேட்டு எழுதினனி?”

“அப்பாவோடை கதைச்சனான்.”

விமலநாதன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “இஞ்சேரும், மூண்டு மாடி. என்ரை முழங்காலுக்கு இனி ஏலாது.”

“கீழ்மாடியிலை வீடு தாங்கோ எண்டு போன மாசம் கம்பனிக்கு அன்ராக் எழுதிக் குடுத்தனான். உங்களுக்கும் சொன்னனான். ரீவியைப் பாத்துக்கொண்டு ‘ஓம் ஓம்’ எண்டனீங்கள்.”

“நியூஸ் போய்க்கொண்டிருந்தது.”

“உங்களுக்கு எப்பவும் நியூஸ்தான். வீட்டு நியூஸ்தான் ஏறாது.”

மதீசனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். அவர்களுக்கென்று தனி அறை, பக்கத்திலேயே குளியலறை. கோயிலுக்கு நடந்தே போகலாம். அப்பாவின் தம்பி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தமிழ்க்கடை மூலைக்கு மூலை. முருங்கைக்காய், கத்தரிக்காய், எல்லாம்.

“முருங்கைக்காய் இஞ்சையும் விக்குது.”

“பிள்ளையள் அப்பம்மா எப்ப வருவா எண்டு ஒவ்வொரு நாளும் கேக்குதுகள்.”

“ஓகஸ்ட்டிலை வந்து மூண்டு கிழமை நிப்பன். லீவு எழுதிக் குடுத்திட்டன்.”

“மூண்டு கிழமை காணாது, அம்மா.”

“எதுக்குக் காணாது?”

அவன் மேசையில் கிடந்த பென்சிலை உருட்டினான். அவள் வாளியைக் கழுவுதொட்டிக்குள் கவிழ்த்துத் தண்ணீர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கஜந்திக்கு மே மாசம் வேலை தொடங்குது. தெரியும் எனக்கு. அவள்தான் ரெலிபோன் எடுத்தவள். ‘மாமி, கேக்க வெக்கமாயிருக்கு, ஆனாலும் கேக்கிறன், வந்து பிள்ளையளைப் பாப்பியளோ’ எண்டவள். ஏலாது பிள்ளை எண்டன். ‘சரி மாமி, வேறை வழி பாக்கிறன்’ எண்டவள். அவள் நேரை கேட்டாள், நேரை மறுமொழி வாங்கினாள். நீ ஏன் பென்சிலோடை வாறாய்?”

“அவ உங்களைக் கேட்டவவோ?” மதீசனின் முகம் சிவந்தது. “எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

“உனக்குச் சொன்னால் நீ பாதியைத்தானே மற்றவைக்குச் சொல்லுவாய்.”

விமலநாதன் தலை நிமிர்த்தாமலே, “பிள்ளையோடை ஏன் அப்பிடிக் கதைக்கிறீர்?” என்றார்.

“வேறை எப்பிடிக் கதைக்க? வீட்டுக்காரி படி துடைக்கப் போன நேரம் பாத்து வீட்டை எழுதிக் குடுக்கிறீங்கள்.”

அந்த வீட்டு வாடகைப் பத்திரத்தில் அவளுடைய பெயர் இருப்பதே அவளுடைய பிடிவாதத்தால்தான். எண்பத்தெட்டில் கம்பனிக்காரன் விமலநாதனின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடப்போனான். சுந்தரேஸ்வரி தன் சம்பளத் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்து, பத்திரத்தின் வெற்று வரியில் விரலை வைத்தாள். மொழி இல்லாவிட்டாலும் விரல் இருந்தது. கம்பனிக்காரன் எழுதும்வரை அவள் எடுக்கவில்லை. ஆம்பிளை இருக்க இதென்ன கூத்து என்று விமலநாதன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. இன்று இரண்டு கையெழுத்தும் இல்லாமல் அந்தக் கடிதம் வெறும் தாள். மதீசனுக்கும் அது தெரியும், அதனால்தான் புள்ளடி.

மதீசன் எழுந்து யன்னலோரம் போய்த் திரும்பினான். குரல் உயர்ந்துவிட்டது.

“அப்ப பள்ளிக்கூடத்திலை ஆரோ பெத்த பிள்ளையளுக்கு ஒரு நாளைக்கு நாநூறு கோப்பை சாப்பாடு அவிச்சுப் போடுவியள். சொந்தப் பேரப்பிள்ளையளுக்கு மட்டும் ஏலாது. அப்பிடித்தானே?”

அது அவளுக்குத் தைத்தது. ஈரத்துணியை எடுத்துக் கழுவுதொட்டியின் விளிம்பில் விரித்தாள்.

“ஓம். நாநூறு கோப்பை. மூண்டு மணிக்குக் கையைக் கழுவிப்போட்டு, கதவைப் பூட்டித் திறப்பைப் பையுக்குள்ளை போட்டுக்கொண்டு வாறன். உன்ரை வீட்டிலை எனக்கு மூண்டு மணி எண்டொண்டு வருமோ, தம்பி?”

“அம்மா, அது உங்கடை வீடு மாதிரி.”

“மாதிரி.” அவள் கையைச் சட்டையில் துடைத்தாள். “அங்கை நான் எந்தச் சாமானை எங்கை வைக்கிறது எண்டு கஜந்தியைக் கேக்கவேணும். அவள் பாவம், தன்ரை குசினியிலை என்னை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிப்பாள். நீ வேலையாலை வந்து ரெண்டு பேரின்ரை முகத்தையும் பாப்பாய். எனக்கு வேலை இன்னும் எட்டு வருசம் இருக்கு. அது முடியட்டும். அதுக்குப் பிறகும் நான் இஞ்சைதான்.”

“இஞ்சை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“ஃபிரௌ ஹோல்ஷர் இருக்கிறா.”

“உங்களைப் பற்றிக் கம்பனிக்குக் கடிதம் எழுதின கிழவி!”

“அவ எழுதினதை எழுதினன் எண்டு சொன்னவ. நன்றி சொன்னா எண்டு சொன்னது நீ.”

விமலநாதன் அதற்குச் சிரித்துவிட்டார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. மதீசன் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சுந்தரேஸ்வரி மேசை லாச்சியை இழுத்தாள். நூல், பழைய திறப்புகள், தபால் தலைகள். அவற்றுக்கடியில் மாலை வகுப்புக்குக் கொண்டுபோன பென்சில் பெட்டி. அதற்குள் ஒரு பக்கம் கறுத்துத் தேய்ந்த அழிறப்பர் இருந்தது. மகனும் கணவனும் பார்த்துக்கொண்டிருக்க, தாளை மேசையில் விரித்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, புள்ளடியை அழித்தாள். தாள் கிழியாமல், சுருங்காமல், மெதுவாக. அழிந்த தூளை ஊதிவிட்டு, தாளை மதீசனிடம் நீட்டினாள்.

“அப்பா வைச்சது அப்பிடியே இருக்கு. அதிலை நான் கை வைக்கேல்லை. அவர் வர விரும்பினால் வரட்டும், அது அவரின்ரை பாடு. அதுக்கு வீட்டை விடத் தேவையில்லை.”

மதீசன் தாளை வாங்கி நாலாக மடித்தான். கிழிக்கவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. பென்சிலை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் செருகினான். “நான் கஜந்தியோடை கதைச்சிட்டு வாறன்,” என்று சொன்னானே தவிர, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சுந்தரேஸ்வரி பெட்டியை லாச்சிக்குள் வைத்துத் தள்ளி மூடினாள். மணிக்கட்டில் அட்டை இன்னும் தொங்கியது. அதை எடுத்து நேராக்கினாள்.

“சுந்தரி,” என்றார் விமலநாதன். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அருமை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை அவளுடைய முகத்தைப் பார்த்தார். “நான் போறதெண்டால் நீர் உண்மையாய் இஞ்சை தனிய இருப்பீரோ?”

அவள் அவரைப் பார்த்தாள். அவருடைய முழங்காலைப் பார்த்தாள், நீல மைக் கையெழுத்து இருந்த தாளைப் பார்த்தாள். கீழே ஃபிரௌ ஹோல்ஷர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சுந்தரேஸ்வரி குசினியை விட்டு வெளியே போனாள்.