புகை வராத படகு

காலை ஏழு மணிக்கே லோர்னா பார்த்துவிட்டாள். வரிசையின் கடைசியில், பாலத்தின் பக்கமாக நின்ற வில்ஃபின் படகிலிருந்து புகை வரவில்லை.

பிப்ரவரி மாதம். இரண்டு நாளாகக் கால்வாய் உறைந்து கிடந்தது. படகில் குடியிருப்பவர்கள் இப்படிப்பட்ட குளிரில் கணப்பை அணையவிட மாட்டார்கள். படுக்கப் போகும்முன் கரியை அள்ளிப் போட்டுக் காற்றுத் துளையைச் சுருக்கிவிட்டு, விடிந்ததும் சாம்பலைத் தட்டிக் கிளறிவிடுவார்கள். வில்ஃப் அதில் கடிகாரம் மாதிரி. சரியாக ஆறரைக்கு அவருடைய புகைபோக்கி மஞ்சளாகக் குப்பென்று புகையைக் கக்கும். பிறகு புகை வெளுத்து, மெலிந்து, நேராக மேலே போகும். அதைப் பார்த்த பிறகுதான் லோர்னா தன் கெண்டியை அடுப்பில் வைப்பாள். அவர் எழுந்துவிட்டார் என்றால் நாள் தொடங்கிவிட்டது என்று அவளுக்குக் கணக்கு. இது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

லோர்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டோக் நகரில் பீங்கான் ஆலைக்குப் போனவள். கோப்பைக் காதுகளில் பிசிறாக நிற்கும் களிமண்ணை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கும் மேல் அதைச் செய்தாள். ஆலையின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பெரிய வசதியாக இருந்தது. ஆலையை மூடியபோது கைக்கு வந்த பணத்தைக் கொண்டு ‘கர்லூ’ என்ற பழைய படகை வாங்கினாள். ஏழடி அகலம், நாற்பதடி நீளம். ஓட்டத் தெரியாது. இங்கே வந்து கட்டின முதல் வாரம் திரைச்சீலையைத் திறக்கவே இல்லை.

ஆனால் கால்வாயின் மரியாதைகள் பேச்சில்லாத மரியாதைகள் என்று அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. எதிரே படகு வந்தால் கையைத் தூக்கினால் போதும். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இஞ்சினை முனகல் அளவுக்கு இறக்கிவிட வேண்டும். அடுத்தவர் கயிற்றைத் தொடக் கூடாது. அடுத்தவர் படகில் கால் வைக்கவே கூடாது. கரையில் நின்று, பக்கவாட்டில் விரலால் தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் ஏறலாம். தட்டாமல் ஏறுவது பூட்டிய வீட்டுக்குள் ஜன்னல் வழியாக நுழைவது போல. பார்த்துப் பார்த்தே இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். பார்த்தும் வராததை வில்ஃப் கத்திக் கற்றுக்கொடுத்தார்.

வில்ஃப் எல்லோரிடமும் கத்துவார். எழுபத்தாறு வயது, கட்டையான மனிதர், மறைந்த மனைவி பெயரிலேயே படகு, ‘ஆலிஸ் மே’. யாராவது கொஞ்சம் வேகமாகக் கடந்தால் வெளியே வந்துகூடப் பார்க்க மாட்டார். “மெதுவாப் போய்யா” என்று உள்ளேயிருந்தே ஒரு குரல் வரும். இஞ்சின் சத்தத்தை வைத்தே ஆள் யார் என்று கண்டுபிடித்துப் பெயர் சொல்லித் திட்டுவார். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் திட்டினார். குளியலறையிலிருந்தும் திட்டியிருக்கிறார்.

எட்டு மணிக்கு லோர்னா குப்பை போடப் போகிறவள் போலக் கரைப்பாதையில் நடந்தாள். ‘ஆலிஸ் மே’யின் திரைகள் மூடியிருந்தன. கூரைமேல் அவருடைய சைக்கிள், அதன்மேல் உறைபனி. பின்கதவின் வெளிப்பக்கம் பூட்டு தொங்கவில்லை. அவள் விரலால் தட்டினாள். “வில்ஃப்” என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். வாத்து ஒன்று பனிமேல் சறுக்கிக்கொண்டு போனது. வேறு சத்தமில்லை.

வரிசையின் நடுவே ஒரு படகில் பெரிலும் அவள் புருஷன் டெரிக்கும் இருந்தார்கள். லோர்னா முறைப்படி தட்டினாள். பெரில் ஓட்ஸ் ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுருட்டிக்கொண்டே, உள்ளே வா கண்ணு, குளிரில் நிற்காதே என்றாள். வரிசையில் எல்லோருக்கும் அவள் வைத்த பெயர் கண்ணு. லோர்னா வாசலிலேயே நின்று புகையைப் பற்றிச் சொன்னாள். வில்ஃப் தங்கச்சி வீட்டுக்கு லீக் ஊருக்குப் போகப் போவதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாரே, போயிருப்பார் என்றாள் பெரில். பூட்டைக் காணோமே என்றதற்கு, அந்த மனுஷன் பாதி நாள் பூட்டுவதே இல்லை என்றாள்.

டெரிக் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கெழவன் கதவுப் பக்கம் இன்னொரு தடவ நான் போக மாட்டேன்மா. போன வருஷமே போதும்டா சாமின்னு ஆயிருச்சு.”

போன வருஷம் நடந்தது லோர்னாவுக்கும் தெரியும். இதே போல ஒரு குளிர்காலத்தில், நடந்து போன யாரோ ஒரு நல்ல மனசுக்காரம்மா, இந்தப் படகில் இரண்டு நாளாக ஆள் நடமாட்டமே இல்லை என்று போலீசுக்குச் சொல்லிவிட்டாள். அவர்கள் வந்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்கள். வழிகாட்டினவர் டெரிக். உள்ளே வில்ஃப் கம்பளி உள்ளாடையோடு உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார். ஆள் பிடிக்காமல் இரண்டு நாள் பேசாமல் இருந்தாராம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரிசையில் ஒருவரோடும் அவர் பேசவில்லை. புதுக் கதவில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்தார்: ‘உடைக்கிறவன் புதுக் கதவு போட்டுக் கொடுத்துட்டுப் போகணும்.’

திரும்பி நடக்கும்போதுதான் லோர்னாவுக்கு உறைத்தது. ஊருக்குப் போகிறவர் புகைபோக்கியில் மழை இறங்காமல் இருக்கப் பழைய தகர டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒருநாளும் மறந்ததில்லை. இன்று டப்பா கூரைமேல் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தது. இதைப் பெரிலிடம் சொல்லியிருக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் வேண்டிய வார்த்தை அவளுக்கு என்றைக்கு வந்தது?

ஒன்பதரைக்கு மறுபடி போனாள். இந்தத் தடவை உள்ளங்கையால் தட்டினாள். இரும்பு கனமாக ஒலித்து அடங்கியது. ஒரு காலைத் தூக்கி அவர் படகின் பின்தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். கால் அங்கேயே நின்றது. உள்ளே உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தால்? அவர் முகத்தை நினைத்தாள். வழிகாட்டினதற்கே இரண்டு மாதம் என்றால் தட்டின பதில் வராமல் ஏறினதற்கு எத்தனை மாதமோ. தான் பேசாமல் இருப்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாத ஒரே இடம் இந்த நான்கு படகு வரிசைதான். இங்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்குப் போக இடமில்லை. காலை இழுத்துக்கொண்டாள்.

படகுக்குத் திரும்பிக் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டாள். யாரைக் கூப்பிட? என்னவென்று சொல்ல? ஒரு புகைபோக்கியில் புகை வரவில்லை என்றா? நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். கைபேசியை ரொட்டி டப்பாமேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். விழுந்து கிடக்கிறாரோ. கணப்புப் புகை உள்ளேயே கசிந்து தூக்கத்தில் மூச்சு முட்டிவிட்டதோ. போன வருஷம் அடுத்த ஊரில் ஒருவர் அப்படித்தான் போனார். வட்ட ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மணி பத்தேகால்.

பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும்.

உறைந்த கால்வாயில் யாரும் படகை எடுக்க மாட்டார்கள். உடைகிற பனித்தகடு ரம்பம் மாதிரி மற்றப் படகுகளின் அடியில் பூசிய கருந்தாரைச் சுரண்டிவிடும். தாரைச் சுரண்டினால் இரும்பில் துரு ஏறும். இரும்புக்குள் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தகரக் கொட்டகையைக் கிழிப்பது போலக் கேட்கும். படகுக்காரன் செய்யக் கூடாத காரியங்களில் அதுதான் முதல். கட்டின படகுகளை வேகமாகக் கடப்பது அடுத்தது. லோர்னா இஞ்சினை உசுப்பினாள், கயிறுகளை அவிழ்த்தாள், சுக்கான் கம்பியைப் பிடித்தாள், வேகத்தை முழுசாகத் தள்ளினாள்.

முதலில் பனி வளைந்து கொடுத்தது. பிறகு துப்பாக்கி வெடிப்பது போல ஒரு சத்தம். விரிசல் கரைக்குக் கரை ஓடியது. ‘கர்லூ’வின் மூக்கு மேலே ஏறி விழுந்து, ஏறி விழுந்து போனது. பக்கத்துப் படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடின. டெரிக் முகத்தில் பாதி சவர நுரையோடு வெளியே வந்துவிட்டார்.

“ஏய், பைத்தியமா உனக்கு? என் தாரு போச்சுடி.”

பெரில் பின்னாலேயே வந்து, லோர்னாவா அது, நம்ம லோர்னாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லோர்னா திரும்பவில்லை. ‘ஆலிஸ் மே’யை ஒட்டிப் போனாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. உள்ளே பாத்திரங்கள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அவள் இஞ்சினை நிறுத்தினாள். காதைக் கொடுத்தாள். திட்டுங்கள், திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ஒன்றும் வரவில்லை. படகு தன்பாட்டுக்கு மிதந்துபோய் நாணலில் மூக்கைச் செருகி நின்றது. அவள் கரைக்குத் தாவினாள். டெரிக் மூச்சிரைக்க ஓடி வந்து இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அவர் கத்தல, டெரிக்.”

டெரிக் திரும்பி ‘ஆலிஸ் மே’யைப் பார்த்தார். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கன்னத்து நுரையைச் சட்டைக் கையால் வழித்துக்கொண்டார். “இரு, கம்பி எடுத்துட்டு வரேன்” என்று ஓடினார்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அது பெயர்ந்ததும் லோர்னாதான் முதலில் இறங்கினாள். வில்ஃப் படிக்கட்டுக்கும் கணப்புக்கும் நடுவே தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. கரிவாளி கவிழ்ந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் கரி எடுத்துவந்து, கதவைத் தாழிட்டுவிட்டுப் படியில் இறங்கினவர் விழுந்திருக்கிறார். உடம்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது. லோர்னா அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மயிரிழை போலச் சூடு பட்டது.

பெரில்தான் போன் செய்தாள். கட்டிலில் இருந்த போர்வைகளை எல்லாம் இழுத்து அவர்மேல் போட்டார்கள். ஆம்புலன்ஸ் பாலத்துமேல் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கின இரண்டு பேரும் பனியில் சறுக்கிச் சறுக்கிக் கரைப்பாதையில் வந்து சேரவே நேரமானது. அவர்களில் ஒருத்தி, ஓர் இளம்பெண், அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினாள். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, இந்தப் பாதையில் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனால் தாங்க மாட்டார் என்றாள்.

டெரிக் சொன்னார், தூக்க வேண்டாம், படகோடு கொண்டுபோய்ப் பாலத்தடியில் நிறுத்துகிறோம் என்று. சொல்லிவிட்டு வில்ஃபின் கயிற்றை அவரைக் கேட்காமலே அவிழ்த்தார். லோர்னா உடைத்த பனி பாலத்துக்குக் கொஞ்சம் முன்புவரை துண்டு துண்டாக மிதந்தது. மிச்சத்தைப் பெரில் முன்னால் நின்று நீளக் கழியால் குத்தி உடைத்தாள். டெரிக்கும் லோர்னாவும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். பதினெட்டு டன் இரும்பு. முதல் நாலு இழுப்புக்கு நகரவே இல்லை. பிறகு அசைந்தது. அசைந்த பிறகு போய்க்கொண்டே இருந்தது.

பாலத்தடியில் அவரை வெளியே எடுத்தார்கள். கண் பாதி திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண், கூட யார் வருகிறீர்கள், சொந்தக்காரர் யார் என்று கேட்டாள். பெரில் டெரிக்கைப் பார்த்தாள். டெரிக் பாதி சவரமான தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் வர்றேன்” என்றாள் லோர்னா.

வண்டி கிளம்பியதும் அந்தப் பெண் ஊசி போட்டுக்கொண்டே சொன்னாள். “அவரத் தூங்க விட்றாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. எதையாவது பேசுங்க.”

ஸ்டோக் வரைக்கும் இருபத்தைந்து நிமிஷம். அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் லோர்னா யாரிடமும் பேசியதில்லை. அவருடைய கண்ணிமை மெல்ல இறங்குவதைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்ததை ஆரம்பித்தாள். தெரிந்ததெல்லாம் அவள் ஜன்னலில் பார்த்தவைதான். கரிப் படகு வியாழக்கிழமை தவறாமல் வரும். அன்னத்துக்குப் போன வருஷம் ஆறு குஞ்சு, அதில் ரெண்டு நரிக்குப் போனது. நீங்கள் செவ்வாய்க்கிழமை கம்பளத்தை உதறுவீர்கள், மழையென்றால் புதன். இமை இறங்கியது. அவள் குரலை உயர்த்தினாள். டெரிக் படகுக்குப் பச்சை வண்ணம் அடித்தது ரெண்டு வருஷம் முன்னால், ஜூன் மாசம், நீங்க அதப் பாத்துட்டு நல்லால்லன்னு சொன்னீங்க.

அவர் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

“ஜூலை.”

“ஜூன்தான். கரைப்பாதையில சரளைக்கல் கொட்டுன மாசம்.”

மானிட்டரில் பச்சைக் கோடு ஓடுவதை அவள் பார்க்கவே இல்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜூலைம்மா” என்றார் வில்ஃப். “ஒனக்கென்ன தெரியும்.”

வண்டி திரும்பியது. லோர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, ஜூன்தான், பெரில் பிறந்த நாளுக்கு மறுவாரம் என்று மறுபடி ஆரம்பித்தாள்.