பாக்கெட் அக்காவின் பாஸ்போர்ட்

எங்கள் தெருவில் அக்காவின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பாக்கெட் அக்கா என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறாள். எதைத் தைக்கக் கொடுத்தாலும், கேட்காமலே உள்ளே ஒரு ரகசியப் பாக்கெட் வைத்துவிடுவாள். "பொம்பளைங்களுக்குன்னு ஒரு இடம் வேணாமா?" என்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. வெளிநாட்டு மியூசியம் ஒன்றில் முன்னூறு வருஷத்துக் கோட்டு ஒன்று இருக்கிறது. கையால் தைத்தது, தையல் எங்கே என்றே தெரியாதாம். பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டி, அளவு டேப் வைக்கும் டப்பாவுக்குள் பத்து வருஷமாக வைத்திருந்தாள். "வா, ரெண்டு பேரும் போயே பாத்துடலாம்" என்று கிளப்பியது நான்தான். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை எனக்கு. நேரம், பட்டியல், வரிசை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கூட்டிப்போகிறவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

கிளம்புமுன் ஒரே துணியில் இரண்டு உள்பாவாடை தைத்தாள், இடுப்போரம் பாஸ்போர்ட் வைக்கப் பாக்கெட்டோடு. அடையாளத்துக்கு நாடா நுனியில் அவளுடையதற்குச் சிவப்பு நூல், என்னுடையதற்கு நீலம்.

"என் பாஸ்போர்ட் கைப்பையிலதான் இருக்கும். இடுப்புல கட்டிட்டு ஊர் சுத்துறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்றேன்.

"உன் இஷ்டம். பாக்கெட் சும்மா இருந்தா சோறா கேக்கப்போவுது?"

போய் இறங்கிய மூன்று நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே மஞ்சள் கட்டடம். ஒரே மணிக்கூண்டுக்கு மூன்று தடவை போய் நின்றோம். மூன்று தடவையும் அக்கா, "இந்த ஊர்ல எத்தனை மணிக்கூண்டுடி!" என்று அதிசயப்பட்டாள். துணிக்கடையில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரப் பெண் பதறி ஓடிவந்தாள். அக்கா பிரிந்திருந்த ஒரு தையலைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கெல்லாம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மியூசியத்தைக் கடைசி நாள் மத்தியானத்துக்குத் தள்ளியதும் நான்தான். காலையில் படகு என்று என் பட்டியலில் இருந்தது. படகுக்கு நேரமாகிவிட்டதென்று, நாங்கள் உடுத்துவதற்குள் ஹோட்டல் அறையின் சாவி அட்டையைச் சுவரிலிருந்து உருவிப் பையில் போட்டேன். அந்த அட்டை இருந்தால்தான் அறையில் விளக்கு எரியும் என்பது அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம்? திரை மூடியிருந்த கும்மிருட்டில், கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஓடினோம்.

மியூசியத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் டிக்கெட். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி இடுப்பில் கைவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இல்லடி."

"இல்லன்னா?"

"நேத்தே எடுத்து வெச்சேன். பாக்கெட் காலியா இருக்கு."

மறுநாள் விடிகாலை விமானம். பயந்தால் எனக்கு வாய்தான் நீளும். "அப்பவே சொன்னேன்ல? ஊருக்கெல்லாம் பாக்கெட் வெச்சியே, இப்ப பாரு!" என்று நடுக்கூடத்தில் கத்தினேன். அக்கா கோட்டு இருக்கும் மாடிக்குப் போகும் படியை ஒருமுறை பார்த்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

படகுத்துறையில் தேடினோம். ஹோட்டல் அறையில் தேடினோம். வழி தவறி மறுபடி மணிக்கூண்டு. இந்தத் தடவை அக்கா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் போலீஸ் ஸ்டேஷன். பாஷை புரியாத போலீஸ்காரருக்கு அக்கா காகிதத்தில் உள்பாவாடையை வரைந்து, பாக்கெட் எங்கே என்று அங்குலக் கணக்கோடு குறித்துக் கொடுத்தாள். பாவாடைதான் திருட்டுப் போனதென்று அவர் எழுதிக்கொண்டார்.

நான் கழிவறைக்குப் போனேன். நாடா நுனியில் சிவப்பு நூல்.

இடுப்போரம் கைவிட்டேன். அக்காவின் பாஸ்போர்ட் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து அதைக் கட்டிக்கொண்டேதான் அவளைத் திட்டியிருக்கிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வெளியே வந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"அக்கா, கெடச்சிடுச்சு! என் பைக்குள்ள அடியில கெடந்துச்சு!"

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கேடி" என்றாள்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்தா?"

தலையாட்டினேன்.

"உறுத்தவே இல்லையா? படகுல உக்காந்தப்ப? படி ஏறினப்ப?"

"இல்லக்கா. இருக்கறதே தெரியல."

அக்காவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அப்ப நல்லாத்தான் தச்சிருக்கேன்" என்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தடிக்க ஏழு நிமிஷம். மியூசியம் ஐந்து மணிவரைதான், நடந்தால் அரை மணி நேரம்.

"கோட்டுதான் போச்சு" என்றாள்.

அழுதது நான்தான். அவள் என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, போலீஸ்காரரிடமிருந்து அந்தப் பாவாடைப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.