மேட்டு வீட்டுப் பள்ளம்

அவரைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்மை எதுவும் அவர் விற்றதில்லை. அவரிடம் இருந்தது ஒரு சின்ன டிராக்டர். அதன் பின்பக்கம் மடங்கி நீளும் ஓர் இரும்புக் கை, கையின் நுனியில் பல் வைத்த பக்கெட். குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் வெட்டுவது தொழில். பெரிய இயந்திரம் நுழையாத சந்தில் தன் வண்டி நுழையும் என்பது அவருடைய பெருமை. பெரிய இயந்திரம் செய்யும் வேலையை அது செய்யாது என்பது ஊராரின் கருத்து. தன்னைப் பொம்மைக்காரர் என்றால் அவருக்குக் கோபம் வராது. வண்டியைப் பொம்மை என்றால் வரும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கேட்டவர்கள்தான் பொறுமை இழந்தார்கள்.

வண்டி மழையில் நனையக் கூடாதென்று வீட்டின் முன்னறைச் சுவரை இடித்து, அதை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். முன்னறையில் கிடந்த கட்டில் சமையலறைக்குப் போனது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருவர் நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். சோற்றில் டீசல் மணத்தது. தெருப் பெண்கள் வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தபோது அவர் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு அது உள்ள இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஒரு ஷெட்டு போடற வரைக்கும் பொறுத்துக்கயேன்."

"யாருக்கு ஷெட்டு? எனக்கா?"

இதற்கு அவர் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்பா வீடு அதே தெருவின் கோடியில், மண்ணும் சரளையும் பாறையுமாக எழும்பிய மேட்டின் உச்சியில் இருந்தது. காற்றும் வெளிச்சமும் உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை. தெருக்குழாய் மேட்டின் அடியோடு நின்றுவிடும். அங்கிருந்து குடத்தில் சுமந்துகொண்டு பாறைப் படிகளில் ஏற வேண்டும். மாமனாருக்கு முழங்கால் வலி. தண்ணீர் சுமக்க ஓர் ஆள் வைத்திருந்தார். மகள் வந்து சேர்ந்ததும் அந்த ஆளை நிறுத்திவிட்டார். மகள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். அவள் கொண்டுவரும் தண்ணீருக்குத் தனி ருசி என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

வந்த புதிதில் அவள் குழாயடியில் நின்று கணவரைத் திட்டினாள். கொஞ்ச நாளில் படிகளைத் திட்டினாள். அப்புறம் குடத்தைத் திட்டினாள். கணவருடைய முறை வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இன்னும் சில வாரம் போனால் அவளாகவே இறங்கி வந்துவிடுவாள் என்று குழாயடி முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாதவர் ஒருவர்தான். அவர் மாமனாரிடம் போய் நின்றார்.

"அவள அனுப்பி வைங்க மாமா."

"அனுப்பாம என்ன மாப்பிள்ளை? ஆனா அவ போயிட்டா தண்ணிக்கு நான் எங்க போவேன், இந்தக் காலை வெச்சுக்கிட்டு? கீழேருந்து ஒரு லைன் இழுத்துக் குடுத்துடுங்க. மோட்டாரும் பைப்பும் என்னோடது, பள்ளம் உங்களோடது. தண்ணி வாசலுக்கு வரட்டும், அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்."

பொம்மைக்காரர் அன்றைக்கே வண்டியைக் கழுவி எண்ணெய் போட்டார்.

குழாய் பதிக்க வந்த பிளம்பர் அவருடைய நெடுநாள் கூட்டாளி. பள்ளத்துக்குக் கோடு பிடிக்க இருவரும் நூல் கட்டிக்கொண்டிருந்தபோது பிளம்பர் கேட்டார்:

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அண்ணி இடுப்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் படி ஏறுறாங்க. நீங்க சும்மா இருந்தாலே போதும், வந்துடுவாங்க. நீங்க என்னடான்னா தண்ணிய மேல கொண்டு போறீங்க."

"அதனால?"

"தண்ணி மேல போயிட்டா அண்ணி எதுக்குக் கீழ வரணும்?"

பொம்மைக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்த்தார். "உன் பக்கம் கொஞ்சம் கோணுது, இழு," என்றார்.

அடிவாரத்தில் மண் பதமாக இருந்தது. கொஞ்சம் ஏறியதும் சரளை. அதற்கு மேல், படிகள் பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில், பாறை. பெரிய இயந்திரம் பாறையை இழுத்தால் பாறை வரும். சின்ன வண்டி இழுத்தால் வண்டி பாறையிடம் போகும். பக்கெட் கல்லைக் கவ்வி இழுக்க, முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி நின்றன. மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். பக்கெட்டின் பல் ஒன்று முறிந்து விழுந்தது.

பொம்மைக்காரர் இறங்கிப் பல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி காலிக் குடத்தோடு படியில் இறங்கி வந்தாள். அவள் வீட்டை விட்டுப் போனபின் இருவரும் பேசியதில்லை.

"ரொம்பப் பெரிசா?" என்றாள்.

"ஆழம் தெரியல. வேர் விட்ட மாதிரி உக்காந்திருக்கு."

"அப்ப விட்டுடுங்க." குடத்தைப் படியில் வைத்தாள். "முடியாதுன்னு சொல்லிடுங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நான் போய்ப் பையை எடுத்துட்டு வர்றேன். இப்பவே போயிடலாம். அது உள்ளயே நிக்கட்டும். நான் அந்தச் சமையக்கட்டுலயே படுத்துக்கறேன்."

இதைவிட ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? அவருடைய வாய் திறந்தது. சரி என்றுதான் சொல்ல வந்தார் என்று பிளம்பர் பின்னாளில் சத்தியம் செய்வார். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"என்ன மாப்பிள்ளை, பொம்மைக்கு மூச்சு வாங்குதா? பெரிய மெஷின் வெச்சிருக்கறவன் ஒருத்தனைத் தெரியும். சொல்லி விடட்டுமா?"

பொம்மைக்காரர் மேலே பார்த்தார். பாறையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, மிகவும் அன்பாகச் சொன்னார்:

"இந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு இறங்கினாள்.

அதன்பின் அவர் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பரிதாபம். பாறையை நேரே மோதுவதை விட்டார். தண்ணீர் ஊற்றி விரிசல் ஓடும் திசையைக் கண்டுபிடித்தார். விரிசலில் உளி வைத்துச் சம்மட்டியால் அடித்தார். வாய் விட்ட இடத்தில் இரும்பு ஆப்புகளை இறக்கினார். வண்டியின் முன்பக்கம் எழும்பாமலிருக்க மண் மூட்டைகளைக் கட்டினார்; அதுவும் போதாமல் பிளம்பரை ஏறி உட்காரச் சொன்னார். பிளம்பர் தன் குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

பக்கெட் பாறைக்கு அடியில் பிடித்து நெம்பத் தொடங்கிய நேரத்தில் அவள் நிறைகுடத்தோடு படியேறி வந்தாள். இரும்புக் கை படிக்குக் குறுக்கே நின்றது.

"கொஞ்சம் நில்லு!" என்று கத்தினார். "இப்ப விட்டா பிடி நழுவிடும்!"

அவள் நின்றாள். குடம் இடுப்பில். நீர் தளும்பிப் புடவையை நனைத்தது. குடத்தை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள், திரும்பவும் மாற்றினாள். சரிந்த படியில் இறக்கி வைக்க இடமில்லை. என்ஜின் புகை அவள் முகத்தில் அடித்தது.

"அசையுது பாரு! பாரு, பாரு!"

பாறை பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். எருமை எழுந்திருப்பதுபோல் மெதுவாகப் புரண்டு பள்ளத்துக்கு வெளியே வந்து விழுந்தது. பொம்மைக்காரர் வண்டியிலிருந்து குதித்து, வேர்வையும் புழுதியுமாக, சிரித்த முகத்தோடு திரும்பினார். இரும்புக் கை விலகியிருந்தது. படியில் தண்ணீர் சிந்திய தடம் மட்டும் மேலே போனது. மாமனார்கூடக் கைதட்டினார்.

தண்ணீர் மேலே ஏறிய அன்று மாமனார் வாசல் குழாயைத் திறந்து வைத்து, கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொம்மைக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பேசிக்கலாம்னு சொன்னீங்களே மாமா."

"பேசலாமே. ஆனா எங்கிட்ட என்ன பேச்சு? அவளையே கேளுங்க."

அவள் அந்த வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், முழங்கை வரை, கழுத்துப் பின்புறம் வரை. முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"நல்லா வருது தண்ணி," என்றாள். "பள்ளத்தை மூடிட்டுப் போங்க. யாராவது விழுந்து வெக்கப் போறாங்க."

கதவு சாத்தப்படவில்லை, வெளியாள் வேலை செய்யும்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை.

பள்ளத்தை மூடும்போது பிளம்பர் கடைசி முயற்சியாகக் காதைக் கடித்தார்: "அண்ணே, கூர்க்கல்லை அப்படியே பைப்பு மேல தள்ளிடுங்க. கொஞ்ச நாள்ல கிழியும். ஒழுகினா கூப்பிட்டுத்தானே ஆகணும்? அந்தச் சாக்குல ஒரு பேச்சு வார்த்தை..."

பொம்மைக்காரருக்கு வந்த கோபத்தை அவர் வாழ்நாளில் யாரும் பார்த்ததில்லை. மாமனாரிடம் வராத கோபம், தன்னிடம் வராத கோபம். "வேலைல விளையாடற வேலை எங்கிட்ட வேணாம்!" என்றார். சல்லடை கொண்டுவந்து மண்ணைச் சலித்தார். குழாயின் மேல் ஒரு சின்னக் கல்கூடப் படாதபடி, குழந்தைக்குப் போர்த்துவதுபோல், கையாலேயே மண்ணைப் போட்டு மூடினார். மனைவிக்கு அவர் எதையும் அப்படிப் போர்த்திவிட்டதில்லை.

வண்டி இன்றும் முன்னறையில்தான் நிற்கிறது. வீடு காலியாகக் கிடந்தும் கட்டில் சமையலறையை விட்டு வரவில்லை. கல்லுத் தரை, உங்கள் வண்டி தாங்குமா என்று புதிதாக வேலை கொடுக்க வருபவர் யாராவது தயங்கினால், அவர் தெருக்கோடி மேட்டைக் கைகாட்டுவார். அந்த லைன் போட்டு எத்தனையோ மழை பார்த்தாகிவிட்டது என்பார். ஒரு தடவையாவது, ஒரு சின்னக் குறைக்காவது, அந்த வீட்டிலிருந்து தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களா, போய்க் கேட்டுப் பாருங்கள் என்பார்.