பல்லி தொட்ட கை

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்குப் பின்னால் ஒரு தோட்டம் போட்டோம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உடைந்த பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு அறிவியல் டீச்சரும் நாங்களுமாகக் கொத்திய இடம்தான். வெண்டை, தூதுவளை, சுவரோரம் ஒரு பீர்க்கம் பந்தல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிரண்டு பேராகப் போய், கண்ணில் படும் உயிர்களை நோட்டில் எழுத வேண்டும். என்ன, எத்தனை, எங்கே பார்த்தாய் என்று மூன்று கட்டம்.

எனக்கு ஜோடி சபீனா. பஜாரில் அவள் அப்பா சரிகைக் கடை வைத்திருந்தார். என் அப்பா பட்டு நெய்தார். அதை வைத்து நாங்கள் தூரத்துச் சொந்தம் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

பந்தலுக்கு அடியில் வெயில்கூடப் பச்சையாக இருக்கும். அங்கே உட்கார்ந்துவிட்டால் கணக்கு டீச்சரும் வீட்டுப்பாடமும் வேறு யாருக்கோ உரியவை ஆகிவிடும். தும்பைப் பூவைக் கிள்ளி உறிஞ்சினால் நாக்கில் ஒரு துளி இனிப்பு. வந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் போய்விடும். மரவட்டையைத் தொட்டால் சட்டைப் பொத்தான்போல் சுருண்டுகொள்ளும். வெண்டை இலையைச் சுருட்டி அதற்குள் ஒரு புழு தனிக்குடித்தனம் நடத்தியது. தினமும் மெதுவாக விரித்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். மணி அடித்தது காதில் விழாமல் எத்தனையோ நாள் திட்டு வாங்கியிருக்கிறோம். அவ்வளவு சந்தோஷமான இடம் எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பீர்க்கம் பூவுக்குள் இருந்த வண்டைப் பார்க்க சபீனா எம்பினாள். பந்தலிலிருந்து பல்லி ஒன்று தொப்பென்று அவள் உச்சந்தலையில் விழுந்து, ஒரு நொடி யோசித்துவிட்டு, பின்னல் வழியாக இறங்கிப் போனது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நோட்டை எடுத்து எழுதினாள்: பல்லி, ஒன்று, என் தலையில்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம், பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். தோளுக்கு வெற்றி, வயிற்றுக்குத் தானியம். உச்சந்தலைக்கு நேரே மரணம் என்று போட்டிருந்தது. என்றைக்கு என்று போடவில்லை. அதுதான் கொடுமை.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" என்றாள் சபீனா.

"உனக்கு ஒண்ணும் பண்ணலியே?"

"எனக்கு இன்னா? பல்லிக்குத்தான் பாவம், அடிபட்டிருக்கும்."

சாகப் போகிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இதற்கு மருந்து தெரியும். பெருமாள் கோயிலில் மேல்கூரையில் ஒரு தங்கப் பல்லி, ஒரு வெள்ளிப் பல்லி. தொட்டுவிட்டால் பல்லி தோஷம் போய்விடும் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வரிசையில் நிற்கிறார்கள். சபீனாவை அந்த வரிசையில் நிறுத்துவது நடக்கிற காரியமா? இரவு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நானே போய்த் தொடுவது. தொட்டதைக் கைக்குள் மூடி எடுத்துப்போய் அவள் தலையில் வைத்துவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை நச்சரித்து பைக்கில் போனேன். படியேறி இரண்டு பல்லிகளையும் வலது கையால் தடவினேன். அடுத்த நொடியே விரல்களை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, தறியடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலை எடுத்து மூடிய கைமேல் சுற்றிக்கொண்டேன்.

சோற்றில் இடது கையை வைத்ததும் அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"கை வலிக்குதும்மா."

தறியில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். "வுடு, ஊட்டி வுடு" என்றார்.

அம்மா திட்டிக்கொண்டே ஊட்டினாள். ஆறாம் வகுப்புப் பெண் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிற வெட்கத்தை, ஒரு உயிருக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிரேயரில் சபீனாவின் இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவிலும் அவள் பெயருக்குப் பதில் இல்லை. மூடிய கைக்குள் வியர்த்தது. சனிக்கிழமையே கோயிலுக்குப் போயிருக்க வேண்டும், ஒரு நாள் பிந்திவிட்டேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயிற்று வலியா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாவது பீரியடில் அவள் வாசலில் வந்து நின்றாள். இடைவேளை மணி அடித்ததும் அவளைப் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள்.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்து ஓதி ஊதின தண்ணிடி. இத்த வாங்கத்தான் லேட்டு. குடிச்சிடு."

"எனக்கு எதுக்குடி?"

"வெள்ளிக்கிழமலேர்ந்து நீதான பயந்துக்கினு இருக்குற."

சாகப் போகிறவள் எனக்கு மருந்து கொண்டு வந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே இடது கையால் வாங்கினேன். ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு நூலைப் பிரித்து, மரத்துப்போன விரல்களைத் திறந்து, அவள் உச்சந்தலையில் வைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையை எடுக்கும்வரை அசையாமல் நின்றாள்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது."

"சரி" என்றாள்.

அவள் உயிரைக் காப்பாற்றியவள் நான் என்ற பெருமையோடு அந்த வருடம் முழுக்கத் திரிந்தேன். அவளுக்குப் பயமே இருந்ததில்லை, என் பயம் தெளியட்டும் என்றுதான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.