ஆறாவது ஆள் எங்கே?

போன வருடம் எங்கள் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து ஆறு பெண்களைப் புது மெஷின் பழக வியட்நாமுக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறப்போகும் முதல் ஆள் நான்தான். ஆறு பேரில் மூத்தவள் என்பதால் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

தங்கியது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரிலிருந்து தூக்கிப்போன குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது அபாய மணி அலறியது. யாரும் அசையவில்லை. எங்கள் கம்பெனியில் மாதாமாதம் 'மாக் டிரில்' என்று இதேபோல மணியடித்து, எல்லோரையும் வெளியே நிறுத்தி எண்ணுவார்கள். அந்த நினைப்பில் ஒருத்தி, "ஞாயித்துக்கிழமைகூட டிரில்லா?" என்று அலுத்துக்கொண்டாள். கதவைத் திறந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை.

அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரையும் விரட்டினேன். பாஸ்போர்ட்டை எடுக்க ஓடிய காவேரிப்பட்டினத்துக்காரியைக் கையைப் பிடித்து இழுத்தேன். லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தவளைப் படிப்பக்கம் தள்ளினேன். நைட்டியும் வெறுங்காலுமாக இறங்கினோம். நான்காவது மாடியில் புகை கண்ணைக் கரித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி, கைப்பிடியைத் தடவித் தடவித் தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் எண்ண ஆரம்பித்தேன். "எல்லாரும் வந்தாச்சுக்கா, ஆறு பேரும் இருக்கோம்" என்றாள் காவேரிப்பட்டினத்துக்காரி. இது எங்கள் டிரில்லில் வழக்கமாக நடக்கும் கூத்துதான். ஒருத்தி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத் தோழி "வந்துட்டா" என்று சொல்லிவிடுவாள். எண்ணிக்கை சரியானால்தானே சீக்கிரம் உள்ளே விடுவார்கள். எங்கள் லைனில் டிரில் சொல்லிக்கொடுத்து எண்ணுவது நான்தான். அதற்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதனாலேயே எனக்கு 'டீச்சரம்மா' என்று பட்டப்பெயர்.

"வாயில சொல்லாத, மூஞ்சியக் காட்டு" என்றேன்.

என்னையும் சேர்த்து ஐந்து முகம்தான் இருந்தது. எங்களில் சின்னவளான அஞ்செட்டிப் பெண்ணைக் காணோம்.

காவேரிப்பட்டினத்துக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "துணி காயப்போட மொட்ட மாடிக்குப் போனாக்கா. எறங்கியிருப்பான்னு நெனச்சுட்டேன்" என்று அழுதாள். போன் பண்ணினோம். அடித்துக்கொண்டே இருந்தது. அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"நான் பாத்துக்கறேன்" என்று அவள் அம்மாவிடம் சொல்லிக் கூட்டி வந்தவள் நான்.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டதாகக் கட்டடத்துக் காவலாளி கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அங்கே யாருக்கும் தெரியாது. தீயணைப்பு அதிகாரியின் முன்னால் போய் வழிமறித்து நின்றேன். போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப்பில் 'மொட்டை மாடியில் ஒரு பெண் இருக்கிறாள்' என்று தமிழில் அடித்துக் காட்டினேன். நம்புவாரோ மாட்டாரோ என்று விரலாலும் மேலே காட்டினேன். படித்தார். ஒயர்லெஸ்ஸில் ஏதோ பேசினார். முகமூடி அணிந்த மூன்று பேர் பின்பக்கப் படியில் ஏறினார்கள்.

இருபது நிமிடம் இருக்கும். வேண்டாத சாமியில்லை. கடைசியில் இருமிக்கொண்டே நடந்து வந்தாள். படியில் புகை ஏறுவதைப் பார்த்ததும் இறங்காமல் மொட்டை மாடிக் கதவைச் சாத்தி, துவைத்த ஈரச் சுடிதார்களையெல்லாம் கதவிடுக்கில் திணித்துவிட்டு, காற்றடிக்கும் மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"டிரில்ல சொல்லிக் குடுத்தீங்களேக்கா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் அந்த அழுகையில். அதிகாரி என் கையைக் குலுக்கி என்னவோ சொன்னார். அதை ஆப்பில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனியில் மெஷின் லைனில் நிற்க வந்தவள் நான். பெரிதாக எதையும் சாதித்ததாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நாங்கள் தங்கிய தெருவின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. ஆனால் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன், ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்கிறது.